‘நேற்றுப் போயிருந்தேன்’ என்பதற்கு ‘ஹேட் கான்’ ஏன் வராது?

கேட்டவர் — மார்ச் 4, காலை 7.40

பன்னிரண்டு கட்ட டென்ஸ் அட்டவணை மனப்பாடம். ‘போனேன்’ என்றால் ‘வென்ட்’, ‘போயிருக்கிறேன்’ என்றால் ‘ஹேவ் கான்’, ‘போயிருந்தேன்’ என்றால் ‘ஹேட் கான்’. அதன்படி ‘நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹேட் கான் டு ஹிஸ் ஹவுஸ் யெஸ்டர்டே’ என்று எழுதினால் தவறு என்கிறார்கள். அட்டவணை தவறா, திருத்தியவர் தவறா?

ஒற்றெழுத்து — மார்ச் 4, காலை 9.15

திருத்தியவர் சரி. அட்டவணையில் உள்ள ஆங்கில வடிவங்களும் சரி. அவற்றுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் தமிழ்தான் சிக்கல்.

‘நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்’ என்று ஒருவர் நிறுத்தினால், கேட்பவர் ‘சரி, என்ன ஆச்சு?’ என்பார். தமிழ் ‘இருந்தேன்’ களத்தை விரித்துவைக்கிறது. போய்வந்தாயிற்று, அங்கே நடந்ததை இனிமேல் சொல்லப்போகிறேன் என்று அறிவிக்கிறது. ஆங்கில ‘ஹேட்’டுக்கு அந்த வேலை கிடையாது. கடந்த காலத்தில் ஒரு புள்ளியை ஏற்கெனவே நட்டிருக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் ‘ஹேட்’. உங்கள் வாக்கியத்தில் இருக்கும் ஒரே புள்ளி ‘நேற்று’. போனதும் நேற்றுதான். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. ஆகவே ‘ஐ வென்ட் டு ஹிஸ் ஹவுஸ் யெஸ்டர்டே’. அவ்வளவே.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: தமிழ் வாக்கியத்தில் ‘அதற்குள்’ அல்லது ‘அதற்கு முன்பே’ என்பதைச் செருகிப் பாருங்கள். பொருள் மாறாமல் உட்கார்ந்தால் ‘ஹேட்’ போடலாம். ‘நான் போனபோது அவர் அதற்குள் கிளம்பியிருந்தார்’ என்பதில் உட்காருகிறது: ‘வென் ஐ காட் தேர், ஹி ஹேட் லெஃப்ட்’. ‘நேற்று அதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்’ என்றால் எதற்கு முன்பு என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

‘ஹேட்’டை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ‘வென் ஐ காட் தேர், ஹி லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்தேன், அதன்பின் அவர் கிளம்பினார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார் என்றுகூட ஆங்கிலம் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். முதல் வாக்கியத்தில் நாங்கள் சந்திக்கவே இல்லை, இரண்டாவதில் சந்தித்தோம்.

அரைப்புள்ளி — மார்ச் 4, மதியம் 1.05

மேலே சொன்னது சரிதான், ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் வரிசையைத் தாமே சொல்லிவிடும். ‘ஷி லாக்ட் த டோர் பிஃபோர் ஷி லெஃப்ட்’ போதும். ‘ஹேட் லாக்ட்’ என்றாலும் பிழையில்லை, ஆனால் தேவையில்லை. ‘வென்’ மட்டும் வரிசை சொல்லாத சொல். அங்கேதான் ‘ஹேட்’ பொருளையே சுமக்கிறது.

ஒற்றெழுத்து — மார்ச் 4, இரவு 8.50

காலையில் எழுதியதைப் படித்தால், இரண்டு புள்ளிகளும் ஒரே வாக்கியத்தில் இருந்தாக வேண்டும் என்பதுபோல் தொனிக்கிறது. அப்படி இல்லை. ‘ஐ வாஸ் டயர்ட். ஐ ஹேட் வொர்க்ட் ஆல் நைட்.’ களைப்பாக இருந்தது முதல் வாக்கியத்தில் நட்ட புள்ளி. இரவு முழுக்க வேலை பார்த்தது அதற்கு முன்னால். புள்ளி முந்தைய வாக்கியத்தில் இருக்கலாம், முந்தைய பத்தியில்கூட இருக்கலாம். படிப்பவர் கண்ணில் பட்டிருந்தால் போதும்.

‘இஃப் ஐ ஹேட் நோன்’ வேறு கணக்கு. ‘எனக்குத் தெரிந்திருந்தால்’ என்று தமிழும் அதே ‘இருந்து’தான் போடுகிறது. அங்கே நடக்காததைச் சொல்லவே ‘ஹேட்’ வருகிறது, வரிசைக்காக அல்ல. அதை இந்தச் சோதனையில் போட்டுக் குழம்ப வேண்டாம்.

கேட்டவர் — மார்ச் 5, காலை 7.20

அப்படியானால் ‘போயிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஹேவ் கான்’ போடுவதாவது சரியா?

ஒற்றெழுத்து — மார்ச் 5, காலை 10.30

பாதி சரி. தமிழில் இந்த ‘இருக்கிறேன்’ மூன்று வேலை பார்க்கிறது.

முதலாவது, அனுபவம். ‘அந்த ஊருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்.’ இங்கே ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வரும், ஆனால் ‘கான்’ வராது. ‘ஐ ஹேவ் பீன் தேர் ட்வைஸ்’ என்பதே வழக்கு. ‘கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. ‘பீன்’ என்றால் போய் வந்தாயிற்று. ‘ஹி ஹேஸ் கான் டு த பேங்க்’ என்றால் அவர் இப்போது இங்கே இல்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு த பேங்க்’ என்றால் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ‘ஐ ஹேவ் கான்’ என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் சந்தர்ப்பம் அரிது. விட்டுச்செல்லும் கடிதத்தில் வேண்டுமானால் வரும்.

இரண்டாவது, இப்போது கண்முன் நிற்கும் விளைவு. ‘உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது.’ ‘எ லெட்டர் ஹேஸ் கம் ஃபார் யு.’ இங்கே தமிழும் ஆங்கிலமும் அச்சாகப் பொருந்தும்.

மூன்றாவதுதான் ஆபத்து: ஊகம். காலையில் தரை நனைந்திருப்பதைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று மாற்றினால் பிழை. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று ஊகத்தை ‘மஸ்ட்’டிடம் ஒப்படைக்க வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றே சொல்லிவிடலாம்.

இதற்குப் பின்னால் ஒரே விதி இருக்கிறது. முடிந்துபோன காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வராது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2015’, ‘டூ டேஸ் அகோ’, ‘வென் ஐ வாஸ் யங்’ எல்லாம் அந்த வகை. தமிழுக்கு இந்தத் தடை இல்லை. ‘2015இல் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் இன் 2015’ பிழை. ‘ஐ சா ஹிம் இன் 2015’ சரி.

‘திஸ் மார்னிங்’ இரண்டு பக்கமும் சாயும். காலை பதினொரு மணிக்கு ‘ஐ ஹேவ் ஹேட் த்ரீ கால்ஸ் திஸ் மார்னிங்’ எனலாம், காலை இன்னும் முடியவில்லை. மாலை ஐந்து மணிக்கு அதே செய்தி ‘ஐ ஹேட் த்ரீ கால்ஸ் திஸ் மார்னிங்’ ஆகிவிடும்.

கேட்டவர் — மார்ச் 5, மாலை 6.10

‘சாப்பிட்டுவிட்டேன்’?

அரைப்புள்ளி — மார்ச் 5, மாலை 6.45

‘விடு’ முடிந்ததைத்தான் சொல்லும். எந்தக் காலம் என்று அதைக் கேட்காதீர்கள். பக்கத்தில் நேரம் இல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் ஈட்டன்’. ‘நேற்றே முடித்துவிட்டேன்’ என்றால் ‘ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’. ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்’ என்றால் ‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை ஃப்ரைடே’, அல்லது சாதாரணமாக ‘ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே’.

‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்பதற்குப் பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் ‘ஐவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்; அமெரிக்கர் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று முடித்துவிடுவார். ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும்போதும் இதே வித்தியாசம். இரண்டையும் பிழை என்று அடிக்க வேண்டாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஒற்றெழுத்து — மார்ச் 6, காலை 8.00

‘கொண்டிருக்கிறேன்’ பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நேர்காணல்களில் அதிகம் சறுக்கும் இடம் அது. ‘மூன்று வருடமாக இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.’ பலர் வாயில் வருவது ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’. இதில் பிழை இரண்டு.

ஒன்று, ‘சின்ஸ்’. தமிழில் ‘-ஆக’ என்றால் நீளம், ‘-இலிருந்து’ அல்லது ‘முதல்’ என்றால் தொடக்கம். ‘மூன்று வருடமாக’ நீளம், எனவே ‘ஃபார்’. ‘2021 முதல்’ தொடக்கம், எனவே ‘சின்ஸ்’. தமிழ் விகுதியைப் பார்த்தே முடிவு செய்யலாம், ஆங்கிலத்தில் யோசிக்கவே வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் இவ்வளவு அழகாகக் கைகோக்கும் இடம் குறைவு, விட்டுவிடாதீர்கள்.

இரண்டு, ‘ஆம் வொர்க்கிங்’. முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வது என்றால் ஆங்கிலத்துக்கு ‘ஹேவ்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. ‘ஹேவ்’வை விட்டால் வேறு பொருள் முளைக்கும். ‘ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் மொத்தம் மூன்று வருடம் இங்கே இருக்கப்போகிறேன், அதன்பின் போய்விடுவேன். ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் வேலையை விட்டாயிற்று. ‘மூன்று வருடமாக’ என்பதை வைத்துக்கொண்டு வினையை மாற்றினால் நேர்காணல் செய்பவர் மனதில் மூன்று வெவ்வேறு கதைகள் ஓடும்.

அரைப்புள்ளி — மார்ச் 6, காலை 8.25

எல்லா வினையும் ‘இங்’ ஏற்காது. ‘நோ’, ‘வாண்ட்’, ‘பிலாங்’, ‘ஓன்’, ‘பிலீவ்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ போன்றவை நிலை, செயல் அல்ல. ‘அவரைப் பத்து வருடமாகத் தெரியும்’ என்றால் ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘ஹேவ் பீன் நோயிங்’ கிடையாது.

சில சொற்கள் பொருள் மாறினால் கட்சி மாறும். ‘ஐ ஹேவ் எ கார்’ உடைமை, ‘இங்’ வராது. ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ செயல், வரும். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’ யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்டவர் — மார்ச் 6, இரவு 9.30

இவ்வளவு விதிவிலக்கு இருந்தால் பன்னிரண்டு கட்டம் எதற்கு? ஆங்கிலத்தில் இரண்டே டென்ஸ்தான் என்றும் எங்கோ படித்தேன். எது உண்மை?

ஒற்றெழுத்து — மார்ச் 7, காலை 6.50

வினைச்சொல்லின் உருவத்தைப் பார்த்தால் இரண்டு: நிகழ்காலம், இறந்தகாலம். ‘வாக்’, ‘வாக்ட்’. எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினையில் விகுதி கிடையாது. தமிழில் மூன்றுக்கும் இடைநிலை உண்டு. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு. எதிர்காலத்துக்கு ப், வ் என்று நன்னூல் பட்டியலே தருகிறது. ‘நடந்தேன், நடக்கிறேன், நடப்பேன்’ என்று சொல்லின் வயிற்றிலேயே காலம் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலம் எதிர்காலத்துக்கு ‘வில்’ என்ற துணைவினையைக் கடன் வாங்குகிறது. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்று பொருள். ‘ஷல்’ என்பது ‘கடன்பட்டிரு’ என்ற பொருளில் இருந்தது. ‘ஐ ஷல்’, ‘யு வில்’ என்று பழைய பாடநூல்கள் பிரித்துக் கற்பித்ததன் வேர், ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இருக்கிறது. இன்று ‘ஷல்’லுக்கு மிஞ்சியது ‘ஷல் வி கோ?’ போன்ற கேள்விகளும் ஒப்பந்த வாசகங்களும்தான்.

ஆகவே அட்டவணையை ‘பன்னிரண்டு காலம்’ என்று படித்தால் மூச்சு முட்டும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அரைப்புள்ளி — மார்ச் 7, காலை 11.40

எறிய வேண்டாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்ற உருவம் ஒன்று உண்டு என்பதே அந்த அட்டவணையால்தான் தெரிகிறது. வடிவங்களின் பட்டியலாக அதற்கு வேலை இருக்கிறது. தமிழ்ப் பொருள் எழுதிய வரிசையை மட்டும் பேனாவால் அடித்துவிட்டால் போதும்.

ஒற்றெழுத்து — மார்ச் 7, மாலை 4.20

ஏற்கிறேன். எறியச் சொன்னது அதிகம். ஆனால் மனப்பாடம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, ஏனென்றால் பன்னிரண்டும் ஒரே சங்கிலியிலிருந்து வருகின்றன. சங்கிலி தெரிந்தால் கட்டங்களைத் தாமே செய்துகொள்ளலாம்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்த வினையின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

‘வில்’, ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ வந்தால் அடுத்தது மூல வடிவம்.
‘ஹேவ்’ வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம், அதாவது ‘கோ, வென்ட், கான்’ வரிசையில் ‘கான்’.
தொடர்ச்சிக்கு ‘பி’ வந்தால் அடுத்தது ‘இங்’.
செயப்பாட்டுக்கு ‘பி’ வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம்.

வரிசையும் இதேதான், மாறாது. எல்லாம் ஒரே நேரத்தில் வரவேண்டியதில்லை, வருபவை இந்த வரிசையில் வரும். காலமும் ஆளும் முதல் கண்ணியில் மட்டுமே ஏறும். மற்ற எதுவும் காலத்தைத் தொடக்கூடாது.

செய்து பாருங்கள். ‘இந்நேரம் முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.’ ‘வேண்டும்’ என்பதற்கு ‘ஷுட்’. அடுத்தது மூல வடிவம், எனவே ‘ஹேவ்’. ‘ஹேட்’ அல்ல, ‘ஹேஸ்’ஸும் அல்ல. ‘ஹேவ்’வுக்கு அடுத்தது மூன்றாம் வடிவம், செயப்பாட்டு ‘பி’ அங்கே ‘பீன்’ ஆகிறது. அந்த ‘பி’க்கு அடுத்தது மீண்டும் மூன்றாம் வடிவம், ‘ஃபினிஷ்ட்’. ‘இட் ஷுட் ஹேவ் பீன் ஃபினிஷ்ட் பை நவ்.’

கணக்கும் சரியாக வருகிறது. காலம் இரண்டு, ‘ஹேவ்’ உண்டு அல்லது இல்லை, ‘இங்’ உண்டு அல்லது இல்லை: இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, எட்டு. ‘வில்’ போட்டு இன்னொரு நான்கு. அதுதான் உங்கள் பன்னிரண்டு.

எல்லாக் கண்ணியையும் கோத்தால் ‘ஹேஸ் பீன் பீயிங் பில்ட்’ போன்றவைகூடக் கிடைக்கும். இலக்கணம் அனுமதிக்கிறது, காதுதான் மறுக்கும். ‘ஹேஸ் பீன் அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று தப்பித்துக்கொள்வார்கள்.

அரைப்புள்ளி — மார்ச் 7, மாலை 5.00

‘டூ’வை விட்டுவிட்டீர்கள். ‘டூ, டஸ், டிட்’ வந்தாலும் அடுத்தது மூல வடிவமே. ‘டிட் நாட் வென்ட்’ என்ற பிழையின் வேர் இதுதான். காலம் ‘டிட்’டில் ஏறியாயிற்று, ‘கோ’ மேல் இரண்டாம் முறை ஏற்றுகிறார்கள். ‘டஸ் நாட் கோஸ்’ என்பதும் அதே இரட்டைச் சுமை.

ஒற்றெழுத்து — மார்ச் 8, காலை 9.00

எதிர்மறையில் அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ‘போகவில்லை’ என்ற சொல்லில் காலமே இல்லை. ‘நேற்று போகவில்லை’, ‘இன்னும் போகவில்லை’, ‘நாளைக்கு நான் போகலை’ என மூன்றுக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் மூன்றும் தனித்தனி: ‘டிட் நாட் கோ’, ‘ஹேவ் நாட் கான் யெட்’, ‘ஆம் நாட் கோயிங்’.

‘இன்னும்’ இருந்தால் ‘ஹேவ் நாட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் பதில் வரவில்லை’ என்பது ‘ஐ ஹேவ் நாட் காட் எ ரிப்ளை யெட்’. கதவு திறந்திருக்கிறது, பதில் வரலாம். ‘ஐ டிட் நாட் கெட் எ ரிப்ளை’ என்றால் அந்த விஷயம் முடிந்துபோன தொனி. மின்னஞ்சலில் இந்த வித்தியாசத்தை எதிர்முனை உடனே உணரும்.

கேட்டவர் — மார்ச் 8, மதியம் 2.15

எதிர்காலத்துக்கு ‘வில்’ போட்டால் முடிந்ததா?

ஒற்றெழுத்து — மார்ச் 8, மாலை 7.30

இல்லை. முதலில் தமிழ் எதிர்காலமே எப்போதும் எதிர்காலம் அல்ல. ‘தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’ வழக்கம். ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்’. ‘சின்ன வயதில் மாலையில் பந்து விளையாடுவோம்’ கடந்தகால வழக்கம். ‘வி யூஸ்ட் டு ப்ளே’ அல்லது ‘வி வுட் ப்ளே’. ஆனால் ‘முன்பு அங்கே ஒரு மரம் இருக்கும்’ நிலை. அதற்கு ‘யூஸ்ட் டு பி’ மட்டும், ‘வுட் பி’ கூடாது.

மறுபக்கம், நாம் நிகழ்காலத்தில் எதிர்காலம் சொல்கிறோம். ‘நாளைக்கு அவரைப் பார்க்கிறேன்’ என்பது பேசிவைத்த ஏற்பாடு என்றால் ‘ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ’. மனதில் இருக்கும் திட்டம் என்றால் ‘ஐ ஆம் கோயிங் டு மீட் ஹிம்’. தொலைபேசி அடிக்கிறது, ‘நான் எடுக்கிறேன்’ என்கிறீர்கள். அந்த நொடியில் எடுத்த முடிவு, ‘ஐ வில் கெட் இட்’. கால அட்டவணைப்படி நடப்பது என்றால் வெறும் நிகழ்காலம், ‘த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்’.

அடுத்து, ‘அவர் வந்ததும் சொல்கிறேன்’, ‘மழை பெய்தால் போகமாட்டேன்’. ‘இஃப்’, ‘வென்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ தலைமை தாங்கும் துணை வாக்கியத்தில் ‘வில்’ வராது. ‘ஐ வில் டெல் யு வென் ஹி கம்ஸ்’. ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோண்ட் கோ’. ‘பெய்தால்’ என்பதில் இறந்தகால இடைநிலை இருக்கிறது என்பதற்காக ‘இஃப் இட் ரெய்ன்ட்’ என்று போய்விடாதீர்கள். அது ‘பெய்யாது, ஒருவேளை பெய்தால்’ என்ற தூரத்துக்குத் தள்ளிவிடும்.

அரைப்புள்ளி — மார்ச் 8, இரவு 8.10

‘வென்’னில் கவனம். ‘அவர் எப்போது வருவார் என்று தெரியாது’ என்பது ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. இங்கே ‘வில்’ சரி, ஏனென்றால் இது கேள்வியை உள்ளே மடித்த வாக்கியம். தமிழில் ‘எப்போது’ என்று வந்தால் ‘வில்’ இருக்கலாம். ‘வரும்போது, வந்ததும்’ என்று வந்தால் கூடாது. ‘இஃப்’ ‘ஆ என்று’ என்ற பொருளில் வரும்போதும் அப்படித்தான்: ‘வருவாரா என்று தெரியாது’, ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’.

ஒற்றெழுத்து — மார்ச் 9, காலை 7.10

நல்ல திருத்தம், நேற்றைய விதியை அப்படியே மாற்றிப் படிக்கவும்.

‘என்று’ வந்ததால் இன்னொன்று. தமிழில் ‘வருகிறேன் என்றான்’ என்று அவன் சொன்னதைச் சொன்னபடியே வைக்கலாம். ஆங்கிலம் ஒரு படி பின்னால் இழுக்கும். ‘வருகிறேன் என்றான்’ என்பது ‘ஹி செட் ஹி வாஸ் கமிங்’. ‘வருவேன் என்றான்’ என்பது ‘ஹி செட் ஹி வுட் கம்’. ‘அனுப்பிவிட்டேன் என்றான்’ என்பது ‘ஹி செட் ஹி ஹேட் சென்ட் இட்’. கடைசியில் ‘ஹேட்’ ஏன் சரி? சொன்னது ஒரு புள்ளி, அனுப்பியது அதற்கு முன்பு. முதல் நாள் பேசிய அதே கணக்கு. சொன்ன விஷயம் இன்றும் உண்மையாக இருந்தால் இழுக்காமலும் விடலாம்.

அரைப்புள்ளி — மார்ச் 9, இரவு 10.05

எழுத்தில் சரியாக இருப்பவர்கள்கூட வாயில் காலத்தைத் தொலைக்கிறார்கள். இறந்தகால ‘ஈ-டி’ விகுதிக்கு உச்சரிப்பு மூன்று. டகர ஒலியில் முடியும் வினைக்கு மட்டும் தனி அசை: ‘வாண்டிட்’, ‘நீடிட்’. மற்றவற்றில் அசை கூடாது. ‘ஸ்டாப்’, ‘வாக்’, ‘வாஷ்’ போலத் தொண்டை அதிராமல் முடிந்தால் வல்லின ‘ட்’: ‘ஸ்டாப்ட்’, ‘வாக்ட்’, ‘வாஷ்ட்’. ‘ப்ளே’, ‘கால்’, ‘க்ளீன்’ போல அதிர்ந்து முடிந்தால் மெல்ல அதிரும் ‘ட்’. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்.

நம் நாக்குக்கு மெய்யில் நிறுத்துவது பிடிக்காது, ஓர் உகரம் சேர்த்துக்கொள்ளும். ‘வாக்ட்’ என்பது ‘வாக்டு’ ஆனால் ‘வாக் டு’ என்று கேட்கும். நேற்று நடந்தது தினசரி வழக்கமாகிவிடும். உகரத்தை விழுங்கப் பழகுங்கள்.

கேட்கும்போது ‘ஐட்’ என்று வந்தால் அது ‘ஹேட்’டா ‘வுட்’டா என்று அடுத்த சொல் சொல்லும். ‘ஐட் கான்’ என்றால் ‘ஹேட்’, ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’. சங்கிலி விதி இங்கேயும் உதவுகிறது. ‘கம்’, ‘ரன்’, ‘புட்’, ‘கட்’ போல மூல வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பவற்றில் மட்டும் சூழலைப் பார்க்க வேண்டும்.

கேட்டவர் — மார்ச் 11, காலை 8.30

ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஆன் திஸ் ஃபைல் சின்ஸ் டூ வீக்ஸ். ஐ ஹேட் சென்ட் த ஃபர்ஸ்ட் பார்ட் ஆன் மண்டே. ஐ டிட் நாட் காட் எனி ரிப்ளை. இஃப் யு வில் அப்ரூவ் இட், ஐ வில் ஸ்டார்ட் த ரெஸ்ட்.’

ஒற்றெழுத்து — மார்ச் 11, காலை 9.45

‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஆன் திஸ் ஃபைல் ஃபார் டூ வீக்ஸ்.’ இரண்டு வாரமாக, நீளம், இன்றுவரை.

‘ஐ சென்ட் த ஃபர்ஸ்ட் பார்ட் ஆன் மண்டே.’ திங்கள் என்று நாள் சொல்லியாயிற்று, அதற்கு முன் புள்ளி இல்லை.

‘ஐ ஹேவ் நாட் காட் எ ரிப்ளை யெட்.’ ‘டிட்’டுக்குப் பின் ‘காட்’ வராது. அதைத் திருத்தினாலும் ‘டிட் நாட் கெட்’ குற்றம்சாட்டும் தொனி. இன்னும் எதிர்பார்க்கிறீர்கள், ‘யெட்’ போடுங்கள்.

‘இஃப் யு அப்ரூவ் இட், ஐ வில் ஸ்டார்ட் த ரெஸ்ட்.’ ‘இஃப் யு வில்’ என்பதற்குத் ‘தயவுசெய்து சம்மதித்தால்’ என்ற பொருள் உண்டு, ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல.

கேட்டவர் — மார்ச் 11, காலை 10.20

அவர் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்து ‘ஏன் இன்னும் அனுப்பவில்லை’ என்று கேட்டார். அதையும் சேர்த்தால்?

ஒற்றெழுத்து — மார்ச் 11, காலை 10.35

அப்போது உங்கள் ‘ஹேட்’டை எடுத்து வையுங்கள். செவ்வாய் அழைப்பு புள்ளி, திங்கள் அதற்கு முன்பு: ‘வென் யு கால்ட் ஆன் டியூஸ்டே, ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் இட்.’